சோப்பு இன்னும் தண்ணி குடிக்கும்

அப்பா முடிவெட்ட மட்டும்தான் சலூனுக்குப் போவார். சவரம் வீட்டிலேயே. பாபநாசம் மலையடிவாரத்தில், வி.கே.புரம் என்று எல்லோரும் சொல்கிற விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு அங்கிருந்த பஞ்சாலையில் வேலை. காலை ஷிப்ட் வருகிற வாரங்களில் விடியுமுன்பே கொல்லைப்புறத்துத் துவைகல்லுக்கு அவருடைய சாமான்கள் வந்துவிடும். ரசம் போன கைக்கண்ணாடி, அலுமினியக் கிண்ணம், மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற ரேசர், கோத்ரெஜ் ஷேவிங் ரவுண்ட் சோப்பு, பிடி வெளுத்த பிரஷ், ஒரு துண்டுப் படிகாரம். மழுங்கின பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உள்பக்கத்தில் வைத்து, இரண்டு விரலால் அழுத்தி முன்னும் பின்னும் தேய்ப்பார். ஒரு பிளேடை இன்னும் சில நாள் ஓட்டுவதற்கு அந்தக் காலத்தில் பலரும் செய்தது இது. அந்தக் கிறீச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு விழிப்பு வரும்.

நுரையைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பிரஷை நனைத்து நாலு சுற்று சுற்றினால் போதும், முகம் வெள்ளையாகிவிடும், ரேசர் இறங்கும், முடிந்தது. அதற்குக் காரணம் அப்பாவின் கைத்திறன் என்றுதான் நினைத்திருந்தேன். பாதி உண்மைதான் அது. மீதிப் பாதி தாமிரபரணி. பொதிகையின் கெட்டிப் பாறைகள்மேல் உருண்டு வருகிற தண்ணீர் அது. வழியில் அதில் கரைந்து சேர்வதற்குச் சுண்ணாம்பு அவ்வளவாக இல்லை. ஆற்றில் துவைக்கிற அம்மாவுக்கு அதனாலேயே ஒரு சலிப்பு உண்டு. துணியை எத்தனை தடவை அலசினாலும் சோப்பு போகவே போகாது என்பாள்.

நுரை என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மேலத்தெரு சலூன்கார அண்ணாச்சி. ஒற்றை நாற்காலி, எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி, மரப்பெஞ்சில் நேற்றைய தினத்தந்தி. பேப்பரைப் படித்து முடித்ததும் அண்ணாச்சி அதைச் சின்னச் சின்னச் சதுரமாகக் கிழித்து ஆணியில் குத்தி வைப்பார். கத்தியில் வழிகிற நுரையைத் துடைக்க அது. எனக்கு மீசை தடித்த வயதில் முதல் சவரத்துக்கு அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தேன்.

அவர் பிரஷை நன்றாக உதறிவிட்டுத்தான் சோப்பில் வைப்பார். அழுத்தாமல், வட்டமாக, வெகுநேரம் சுற்றுவார். முதலில் எழும்புகிற பெரிய குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கி, பிரஷ் முடிகளுக்கிடையில் கெட்டியான ஒரு பசை ஏறும். அதை அப்படியே கன்னத்தில் தடவுவார். இழுத்துப் பிடிக்கும், சுகமாக இருக்காது. பிறகு பிரஷின் நுனியை மட்டும் கிண்ணத்துத் தண்ணீரில் தொட்டு மறுபடி முகத்தில் சுற்றுவார். மறுபடி நுனி, மறுபடி சுற்று. எனக்குப் பொறுமை போய்விடும். “போதும் அண்ணாச்சி, நெறைய நொரை வந்துட்டு” என்றேன்.

“அவசரப்படாதிய தம்பி. சோப்பு இன்னும் தண்ணி குடிக்கும்” என்றார்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் அந்த மாற்றத்தைப் பார்த்தேன். அதுவரை சுண்ணாம்பு அடித்த சுவர்போல மங்கலாக இருந்த வெள்ளையில் ஒரு மினுமினுப்பு வந்தது. குமிழி என்று கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அண்ணாச்சி அதில் ஒரு துளியை எடுத்து என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தித் தேய்க்கச் சொன்னார். விரல்கள் ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் நழுவின. “இதுதான் வேணும். பொசுபொசுன்னு மலை மாதிரி எழும்புது பாருங்க, அது வெறும் காத்து. காத்து மேல கத்தி ஓடுமா?”

அன்று அவர் கையில் இருந்தது தோல்வாரில் தீட்டிய நெடுங்கத்தி. கன்னத்தில் அது வருவது காதில்தான் கேட்டது, தோலில் தெரியவில்லை. தொண்ணூறுகளில் எய்ட்ஸ் பற்றிய பயமும் விழிப்புணர்வும் ஊர்களுக்கு வந்தபோது அந்தக் கத்தியை அவர் எடுத்து வைத்துவிட்டார். பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்துப் பாதியை மாட்டுகிற பிடிக்கு மாறினார். ஆளுக்கொரு புது பிளேடு, கண்ணெதிரே உறை பிரித்து. கத்தி மாறியதே தவிர, நுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் மாறவில்லை. அதை அவருடைய தொழில் கௌரவம் என்றுதான் சொல்வேன்.

பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது சோப்பு செய்கிற சோதனை ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெயோடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துக் காய்ச்சி, உப்புப் போட்டுப் பிரித்தெடுப்பது. கையில் தேய்த்ததும் குபுகுபுவென்று நுரைத்த அந்தச் சோப்பை ஒரு துண்டு எடுத்துப்போய் விடுதியில் முகத்தில் போட்டுப் பார்த்தேன். ரேசரை எடுப்பதற்குள் பாதி வற்றிவிட்டது. ஏன் என்று ஆசிரியரிடம் கேட்டபோது அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டியது இன்றும் நினைவிருக்கிறது. தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பது லாரிக் அமிலம். அது சீக்கிரம் நுரைக்கும், குமிழி பெரிதாக வரும், சீக்கிரம் உடையும். சவரச் சோப்பில் தலைமை ஸ்டியரிக் அமிலத்துக்கு. அது மெதுவாகத்தான் நுரைக்கும். ஆனால் குமிழி பொடியாக இருக்கும், குமிழிகளுக்கு நடுவிலுள்ள தண்ணீர் வடிந்து ஓடாமல் அங்கேயே நிற்கும். அதோடு, குளிக்கிற சோப்பு சோடியம் உப்பு. சவரச் சோப்பிலும் கிரீமிலும் பொட்டாசியம் கூடுதல். பொட்டாசியம் சோப்பு மென்மையானது, தண்ணீரில் எளிதாகக் கரைவது. சோப்பு உண்டாகும்போதே பிறக்கிற கிளிசரினும் உள்ளே இருந்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

அண்ணாச்சி தன் கைப்பழக்கத்தில் சொன்னதைத்தான் அந்தப் பலகை வேறு பாஷையில் சொன்னது. முகத்தில் வேலை செய்வது குமிழி இல்லை. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிசாக நிற்கிற சோப்புத் தண்ணீர்ப் படலம்தான் வேலை செய்கிறது. நுரை அந்தத் தண்ணீரை முகத்தில் தக்க வைத்துக்கொள்கிற ஏற்பாடு. தாடி முடியும் அந்த நேரத்தில் தண்ணீரை உறிஞ்சி இளகும். இரண்டு மூன்று நிமிடம் ஊறின முடியை வெட்டக் காய்ந்த முடிக்கு வேண்டிய அழுத்தம் வேண்டாம். முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மெத்தென்றது. அப்படியிருந்தும் பிளேடின் விளிம்பு ஏன் போகிறது என்பதை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் சயன்ஸ் இதழில் எழுதியிருந்தார்கள். முடி வளைந்து கொடுத்தபடி வெட்டுப்படும்போது, விளிம்பில் எஃகின் அமைப்பு சீராக இல்லாத இடங்களில் பொடிப்பொடியாகச் சில்லு தெறிக்கிறதாம். தம்ளரில் பிளேடைத் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவை நினைத்துக்கொண்டே படித்தேன்.

பாளையங்கோட்டையில் அதே கல்லூரி ஆய்வகத்தில் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கிற சோதனையும் இருந்தது. தண்ணீரில் எரியோகுரோம் பிளாக் டி சேர்த்தால் ஒயின் சிவப்பாகும். பியூரெட்டிலிருந்து இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், கால்சியமும் மக்னீசியமும் கட்டுண்டு முடிகிற இடத்தில் சட்டென்று நீலமாக மாறும். ஊரிலிருந்து ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோய்ப் பார்த்தேன். திருகைத் திறந்து கொஞ்ச நேரத்திலேயே நீலம் வந்துவிட்டது. விடுதியின் ஆழ்குழாய்த் தண்ணீருக்குக் கரைசல் இறங்கிக்கொண்டே இருந்தது, சிவப்பு மாறவில்லை. அம்மாவின் அலசல் சலிப்புக்கும் அப்பாவின் நாலு சுற்று நுரைக்கும் காரணம் அந்தக் கண்ணாடிக் குழாயில் அளவாகவே தெரிந்தது.

பிறகு சென்னை, வேலை, வேளச்சேரிப் பக்கம் ஒரு அடுக்ககம். அங்கே போர் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்திருக்கும். வாளி விளிம்பை நகத்தால் சுரண்டினால் பொடி உதிரும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மைவரை இருந்தால் ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கிற அளவு. 180-ஐத் தாண்டினாலே மிகக் கடினம் என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்கு. எங்கள் போர் தண்ணீரில் சோப்பைக் கரைத்தால், அதன் ஒரு பங்கு முதலில் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத திப்பியாகிவிடும். குளியலறை டைல்ஸில் சாம்பலாகப் படிகிறதே, அதுதான். எஞ்சிய சோப்புதான் நுரைக்க வேண்டும். அது கன்னத்தில் ஒரு நிமிடம் நிற்காது. பலரைப்போல நானும் டப்பாவை அழுத்தினால் வருகிற நுரைக்கு மாறி, பல வருடம் அதிலேயே இருந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மா இறந்தபின் அப்பா எங்களோடு சென்னைக்கு வந்தார். ஒரு பையில் வேட்டிகள், இன்னொன்றில் அந்தச் சவரச் சாமான்கள். வந்த மறுநாளே குளியலறையிலிருந்து குரல் கேட்டது. “எய்யா, இந்தத் தண்ணில சோப்பு நொரைக்கவே மாட்டேங்கு?” தண்ணீரைக் காய்ச்சித் தெளியவைத்துக் கொடுத்தேன். பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு படிந்தது, நுரை கொஞ்சம் தேறியது. காய்ச்சினால் பைகார்பனேட்டால் வருகிற கடினம் மட்டும்தான் போகும். சல்பேட், குளோரைடால் வருவது அப்படியே இருக்கும். அதனால் தேறியதும் கொஞ்சம்தான்.

இதய நோய்க்காக அப்பாவுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கையும் நடுங்க ஆரம்பித்திருந்தது. ஒருநாள் காலை தாடைக்கடியில் ஒரு சின்னக் கீறல். மற்றவர்களுக்கு ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். அவருக்குப் படிகாரம் தேய்த்தும், பஞ்சை வைத்து அழுத்தியும், டிபன் நேரம்வரை கசிந்துகொண்டே இருந்தது. டாக்டர் மின்சார ரேசர் வாங்கச் சொன்னார். வாங்கினேன். முடியைப் பிடித்து இழுக்கிறது என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு வாரத் தாடியோடு கண்ணாடி முன்னால் நின்று, மோவாயைத் தடவியபடி, “சீக்காளி மாதிரில்லா இருக்கு” என்றார். தினமும் சவரம் செய்து சலவைச் சட்டை போட்டு மில்லுக்குப் போன மனிதர். நானே போட்டுவிடட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். முடி போகிற வாட்டத்தில் மட்டும், அழுத்தாமல் என்றால் சரி என்றார்.

அந்த வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணாச்சியைத் தேடிப் போனேன். கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். அண்ணாச்சி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து வந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்து, என் முகத்திலேயே எல்லாவற்றையும் செய்து காட்டினார். “அடுத்தவன் மூஞ்சில போடும்போது ஒனக்கு எரியாது தம்பி, அவுகளுக்குத்தான் எரியும். அதனால கைய நம்பாத, வழுவழுப்ப நம்பு” என்றார். இளவயதில் என்னை மரியாதையாகவே அழைத்தவர், அன்று அந்த அக்கறையில் ஒருமைக்கு வந்துவிட்டார்.

அவர் சொன்னவை எல்லாமே கைவேலை நுணுக்கங்கள். பல்செட்டைக் கழற்றிவிட்டால் கன்னம் குழிந்துவிடும், மாட்டிய பிறகே சவரம். குளித்த கையோடு போட வேண்டும். ஃபேனை நிறுத்திவிட வேண்டும், காற்றில் நுரை மேலாகக் காய்ந்து ஏடு படியும். நுரை சரியாக வந்துவிட்டால் தோலை இழுத்துப் பிடிக்கிற விரலும் வழுக்கும். அதற்கு இடக்கை விரல் நுனிகளை ஈரப் படிகாரத்தில் தேய்த்துக்கொண்டால் பிடிப்பு வரும். வயதான தோல் மடிப்பு மடிப்பாக இருப்பதால் கழுத்தில் காதுப் பக்கமாக மேலே தூக்கிப் பிடித்து, விரல் அகலத்துக்கு மேல் கத்தியை ஓட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். “மெட்ராஸ் தண்ணிய வச்சு நீ என்ன பண்ணுவ?” என்று அவரே கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் குடிக்க வைத்திருந்த ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்தேன். உப்பெல்லாம் வடிகட்டின தண்ணீர். ஒரு சவரத்துக்குப் பிரஷை நனைக்கவும் சோப்பைக் கரைக்கவும் அந்த ஒரு டம்ளர் தாராளம். முகம் கழுவப் போர் தண்ணீர் இருக்கிறது. ஆனால் பிரஷில் போர் தண்ணீர் தங்கியிருந்தால் பயனில்லை, அதையும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழிய வேண்டும். பழைய பிரஷின் முடி அப்பாவின் தோலைக் குத்தியதால் மெத்தென்ற நைலான் பிரஷ் ஒன்று வாங்கியிருந்தேன். சோப்பில் சுற்றி, பசை ஏறியதும் அப்பாவின் கன்னத்தில் வைத்தேன். நுனியை நனைத்துச் சுற்றினேன். மறுபடி நனைத்தேன். மங்கல் போய் மினுமினுப்பு வந்தது. இன்னும் இரண்டு துளி சேர்த்தபோது, வழிந்துவிடுமோ என்று தோன்றுகிற இடத்துக்குச் சற்று முன்னால், நுரை நின்றது. அந்த இடம்தான் வேண்டியது. வழிந்து ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது, பிரஷில் இன்னும் கொஞ்சம் சோப்பு எடுக்க வேண்டும். ரேசர் போகிற பாதையில் தோல் ஒட்டிக்கொண்டு திக்கினால் தண்ணீர் போதவில்லை.

ரேசரை அதன் எடையிலேயே இறக்கினேன். பிளேடு போன தடத்தில் நுரை போயிருந்தது; ஆனால் புறங்கையால் தொட்டால் தோல் இன்னும் வழுக்கியது. நுரையைவிட அந்த மிச்ச வழுவழுப்புதான் உயிர். விட்டுப்போன ஒரு முடிக்காகப் பிளேடு அதே இடத்தில் மறுபடி இறங்கும்போது தோலைக் காப்பது அதுதான். அப்பா கண்ணை மூடியிருந்தார். பிரஷ் சுற்றுகிற நேரம் முழுவதும் மூடியேதான் இருப்பார். நான் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகச் சுற்றுவேன். அப்பாவை நான் அவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தது அதற்குமுன் எப்போது என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

2019 கோடையில் அந்த ஒரு டம்ளருக்கும் சோதனை வந்தது. செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டன. எங்கள் போர் இறங்கி இறங்கி ஒருநாள் காற்றைத் துப்பியது. லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு லாரிக்கு நுரைக்கும், மறு லாரிக்குத் தயிர் திரிந்ததுபோலத் திப்பி திப்பியாக நிற்கும். கேன் தண்ணீருக்கு ஆளுக்கு இத்தனை என்று வீட்டில் கணக்கு. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்பா டம்ளரைக் கையால் மறித்தார். “குடிக்கிற தண்ணிய எடுத்தா மூஞ்சில பூசுவ? வேண்டாம்யா.” ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருக்குத் தாடி வளர்ந்தது.

ஆகஸ்டில் மழை வந்தது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பை 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியிருந்தார்கள்; எங்கள் அடுக்ககத்திலும் குழாய்கள் இருந்தன, தண்ணீர் மண்ணுக்குள் போனது. நான் மொட்டைமாடி நடுவில், கூரை எதுவும் படாத இடத்தில், இரண்டு எவர்சில்வர் அண்டாக்களை வைத்தேன். முதல் மழையைக் கொட்டிவிட்டு அடுத்ததைப் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டிக் குடத்தில் மூடிவைத்தேன். மண்ணையும் பாறையையும் தொடாத தண்ணீர்; அதில் கால்சியத்துக்கு வழியே இல்லை. அதில் பிரஷை நனைத்துச் சோப்பில் நாலு சுற்று சுற்றியபோது எழும்பியதைப் பார்த்து அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்மூர்த் தண்ணியா? யாரு கொண்டாந்தா?”

ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்தன்று அதிகாலை அப்பா எனக்கு முன்னாலேயே குளித்து, பல்செட் மாட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார். “இன்னைக்கு ரெண்டு தடவை போடு” என்றார். இரண்டாம் தடவை குறுக்குவாட்டில் போட்டால்தான் முகம் பளிங்காக வரும்; ஆனால் ரத்தம் வருவதும் அதில்தான். நான் தயங்கினேன். அவர் மோவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். புது பிளேடு மாட்டினேன். மழைத்தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, அதுவரை சேர்த்ததைவிட ஒரு துளி கூடுதலாகச் சேர்த்தேன். கன்னம் இரண்டும் ஒருமுறை கீழ்வாட்டமாக. பிறகு மறுபடி பிரஷால் மெல்லிசாக ஒரு பூச்சு, காதிலிருந்து மூக்கை நோக்கி, விரல் அகலம் விரல் அகலமாக. கழுத்தைத் தொடவில்லை, அதற்கு அவரும் சம்மதித்தார். படிகாரத்தை நனைத்து முகம் முழுவதும் தடவிவிட்டுக் காத்திருந்தேன். எங்கும் எரியவில்லை என்றார். துண்டில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

மண்டபத்தில் வி.கே.புரத்திலிருந்து வந்திருந்த அத்தை அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, “எண்ணே, நீதான் மாப்பிள்ளையா?” என்று கேட்டாள். அப்பா அவளிடம் சென்னையில் மழை பெய்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.